தரவுக் காப்பகமும் ஆய்வாளர் பயிற்சியும்: மலேசிய இந்தியர் குறித்த ஆய்வுகளை முன்வைத்து

முன்னுரை

ஓர் ஆய்வேடு நூலகத்தைச் சென்றடைந்த பின்னர், அதற்கு அடித்தளமாயிருந்த வினாநிரல்களும் ஒலிநாடாக்களும் களக்குறிப்பேடுகளும் என்னவாகின்றன என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆய்வேட்டை நூலகம் காக்கிறது. தரவுகளைக் காப்பார் இல்லை. அவை ஆய்வாளரின் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் சில ஆண்டுகள் கிடக்கும். வீடு மாறும்போதோ கறையான் ஏறும்போதோ பழைய தாளோடு தாளாகக் கழிக்கப்படும். கணினியில் இருப்பவையோ அக்கணினி பழுதாகும் நாள்வரையே இருக்கும்.

மலேசிய இந்தியர் ஆய்வைப் பொறுத்தவரையில் இவ்விழப்பு ஈடுசெய்ய முடியாததாகும். ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரிடம் 1970களிலும் 1980களிலும் பதிவுசெய்யப்பட்ட நேர்காணல்களை இனி எவராலும் மீண்டும் எடுக்க இயலாது. பேசியவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. வேதியியலார் ஒரு சோதனையைத் தவறவிட்டால் மறுநாள் மீண்டும் செய்யலாம். சமூகவியலார்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

சமூக அறிவியல் தரவுகளைக் காப்பகப்படுத்துதல் என்றால் என்ன, அத்தகைய காப்பகம் உலகில் எவ்வாறு உருவாயிற்று, அதனைப் பயன்படுத்த ஆய்வாளர்க்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. காப்பகத்தைக் காட்டிலும் பயிற்சியே முதன்மையானது என்பது நமது கருத்து. அதற்கான காரணங்களைப் பின்வரும் பகுதிகளில் காணலாம்.

தரவுக் காப்பகத்தின் தோற்றம்

நூலகம் எழுதி முடிக்கப்பட்டவற்றைச் சேமிக்கிறது. ஆவணக் காப்பகம் அரசும் நிறுவனங்களும் தம் அலுவல்களின் வழி உண்டாக்கியவற்றைச் சேமிக்கிறது. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957இல் தோற்றம் பெற்றது இந்நோக்கத்திற்காகவே. தரவுக் காப்பகம் இவ்விரண்டினின்றும் வேறானது. ஆய்வுக்கெனத் திரட்டப்பட்ட மூலத் தரவுகளைப் பிறிதோர் ஆய்வாளர் மீண்டும் பகுப்பாய்வு செய்யத்தக்க வடிவில் வைத்திருப்பதே அதன் பணியாகும். 'மீண்டும் பகுப்பாய்வு செய்யத்தக்க' என்னும் தொடரே இங்கு உயிர்நிலை. ஆயிரம் வினாநிரல்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தல் காப்பகமாகாது.

1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வாரன் மில்லர் முன்னின்று, பல பல்கலைக்கழகங்கள் உறுப்பியம் பெற்ற ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். தேர்தல் ஆய்வுகளின் தரவுகள் துளையிட்ட அட்டைகளில் இருந்த காலம் அது. பெரும் பொருட்செலவில் திரட்டிய தரவுகள் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் முடங்கிக் கிடத்தல் வீண் என்னும் எண்ணமே அம்முயற்சிக்கு வித்திட்டது. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் தரவு வங்கி தொடங்கப்பெற்றது. பின்னாளில் பிரிட்டனின் தரவுக் காப்பகமாக வளர்ந்தது அதுவேயாகும்.

இவ்விரு நிறுவனங்களின் வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மிச்சிகனில் கூட்டமைப்பு தோன்றிய மறு ஆண்டே, 1963இல், கோடைக்காலப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. எசெக்சிலும் தரவு வங்கி தோன்றிய மறு ஆண்டே, 1968இல், தரவுப் பகுப்பாய்வுக்கான கோடைப்பள்ளி தொடங்கப்பட்டது. இரண்டும் இன்றுவரை நடைபெற்று வருகின்றன. காப்பகத்தை நிறுவியோர் அதனைப் பயன்படுத்தவல்ல ஆய்வாளர் தாமாகத் தோன்றுவர் என்று காத்திருக்கவில்லை. நம் நாடுகளில் இத்தகைய முயற்சிகள் பேசப்படும்போதெல்லாம் வழங்கியும் மென்பொருளும் குளிரூட்டப்பட்ட அறையும் முதலில் பட்டியலிடப்படுகின்றன. பயிற்சிக்கான ஒதுக்கீடு பட்டியலின் கடைசியில் வந்து, செலவு குறைப்பின்போது முதலில் வெட்டுண்கிறது.

பிரிட்டனில் பொருளியல், சமூக ஆய்வு மன்றம் 1995இல் தரவுக் கொள்கையொன்றை வகுத்தது. அதன்படி, மன்றத்தின் நிதியில் திரட்டப்படும் தரவுகளைக் காப்பகத்திற்கு வழங்க முன்வருதல் ஆய்வாளரின் கடமையாயிற்று. தவறினால் இறுதித் தவணைப் பணத்தை நிறுத்திவைக்கவும் மன்றத்திற்கு உரிமை இருந்தது. நற்பண்பை மட்டும் நம்பிக் காப்பகம் நடத்த இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு

தொலைநாட்டுச் செய்திகள் நமக்கு எதற்கு என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டுச் சான்று ஒன்றைக் காட்டலாம். தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி, நான்கு மாத இடைவெளியில் மூன்று சுற்றுகளாக ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு என்பது அதன் பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரிலுள்ள ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் பட்ஸ், ஜூலி டவன்சோ ஆகியோர் அதனை வழிநடத்தினர். திருமணமான, ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்கள் இருந்த 1,262 இல்லங்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. அப்பெண்களின் மகப்பேறு, குழந்தை இறப்பு, தாய்ப்பாலூட்டிய காலம், கல்வி, தொழில், வருமானம், இடப்பெயர்வு ஆகியவை வாழ்க்கை வரலாற்று முறையில் கேட்டறியப்பட்டன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1988–89இல், தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கூட்டுறவோடு இரண்டாம் ஆய்வு நடந்தது. முதலாய்வில் பங்கேற்ற பெண்களுள் 889 பேர் மீண்டும் கண்டறியப்பட்டனர். அவர்தம் வளர்ந்த பிள்ளைகளுள் ஒரு பகுதியினரும் நேர்காணப்பட்டனர். இவர்களன்றிப் புதிய மாதிரியாக 2,184 பெண்களும், ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய 1,357 முதியோரும் சேர்க்கப்பட்டனர். 1993இல் தொடங்கிய இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வுக்கு இவ்வாய்வே முன்னோடி என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்திய ஆய்வியல் துறையினராகிய நாம் இவ்வாய்வை ஏன் அறிந்திருத்தல் வேண்டும்? முதலாய்வின் மாதிரிப் பகுதிகள் மொத்தம் 52. அவற்றுள் 49 பகுதிகள் நிகழ்தகவு முறையில் தெரிவுசெய்யப்பட்டன. எஞ்சிய 3 பகுதிகள், இந்தியக் குடும்பங்களும் மீனவர் குடும்பங்களும் போதிய அளவில் இடம்பெற வேண்டும் என்னும் நோக்கோடு தனியே சேர்க்கப்பட்டவை. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீபகற்ப மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினரே. அவ்விகிதத்திலேயே மாதிரி அமைந்திருந்தால், இந்தியரைப் பற்றி உறுதியாக எதையும் கூற முடியாத அளவுக்கு எண்ணிக்கை சிறுத்துப் போயிருக்கும். ஆய்வு வடிவமைப்பாளர் இதனை எண்ணிப் பார்த்திருக்கின்றனர்.

இங்கேதான் பயிற்சியின் தேவை தெளிவாகிறது. இத்தரவுகள் முறையான விளக்க நூல்களுடன் ஆய்வாளர்க்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. தரவுக் கோப்பைக் கணினியில் திறந்து, இனம் என்னும் மாறியில் இந்தியருக்குரிய குறியீட்டைத் தெரிவுசெய்து, சராசரியைக் கணக்கிடப் புள்ளியியல் மென்பொருள் அறிந்த இளங்கலை மாணவர் ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த 3 பகுதிகளும் நோக்கத்தோடு சேர்க்கப்பட்டவை என்பதை அறியாமல், 52 பகுதிகளையும் ஒன்றாகக் கலந்து நாடு தழுவிய விழுக்காட்டைக் கணக்கிட்டால் விடை பிழையாகும். அந்த உண்மை தரவுக் கோப்பில் இல்லை; ஆய்வு வடிவமைப்பை விளக்கும் நூலில் இருக்கிறது. எண்களைத் திறக்கும் முன் விளக்க நூலைப் படிக்க வேண்டும் என்னும் பழக்கத்தையே நாம் முதலில் கற்பிக்க வேண்டியுள்ளது.

'இந்தியர்' என்னும் குறியீடும் அத்தகையதே. அதனுள் தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் சீக்கியரும் அடங்குவர். 'இந்தியர்' என்றிருப்பதைத் 'தமிழர்' என்று வாசித்து முடிவு கூறும் கட்டுரைகளை நாம் அவ்வப்போது மதிப்பீட்டுக்குப் பெறுகிறோம். தாய்ப்பாலூட்டிய மாதங்களைப் பற்றிய மாறியிலும் ஒரு நுட்பம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை நினைவுகூரும் தாய்மார் 6, 12, 18 என்னும் எண்களையே மிகுதியாகக் கூறுவர். உலகின் எப்பகுதியில் எடுக்கப்பட்ட இத்தகைய ஆய்விலும் இவ்வெண்களில் விடைகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். அது தாய்மாரின் பழக்கமன்று, நினைவின் பழக்கம். பயிற்சி பெற்றவர் அக்குவியலைக் கண்டு எச்சரிக்கையடைவர். பயிற்சியற்றவர் அதற்கொரு பண்பாட்டு விளக்கம் எழுதிவிடுவர்.

நம் மண்ணில், நம் தாய்மாரிடம் கேட்டறிந்த செய்திகள் இன்றும் பயன்படும் நிலையில் இருப்பதற்குக் காரணம், சாண்டா மோனிகாவில் எவரோ குறியீடுகளை எழுதி வைத்ததே. அதே ஆண்டுகளில் இங்கேயே நடத்தப்பெற்ற சிறிய ஆய்வுகளின் மூலத் தரவுகளைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பன ஆய்வேட்டின் பின்னிணைப்பிலுள்ள வெற்று வினாநிரல்களே. இவ்வேறுபாட்டைப் பொருள்வளத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஐம்பது பேரிடம் நடத்திய ஆய்வின் குறியீடுகளை எழுதி வைக்க இரண்டு தாள்கள் போதும்.

நேர்காணல்களும் களக்குறிப்புகளும்

எண்ணளவுத் தரவுகளைக் காப்பது ஒப்புநோக்க எளிது. நம் துறையில் மிகுதியாக இருப்பன நேர்காணல்களும் களக்குறிப்புகளுமாகும். வாய்மொழி வரலாற்றறிஞர் பால் தாம்சன் 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மேற்கொண்ட முன்னாய்வில், இவ்வகைத் தரவுகளுள் ஏறத்தாழ 90 விழுக்காடு ஏற்கெனவே அழிந்தோ அழியும் நிலையிலோ இருப்பதாகத் தெரியவந்தது. முறையான ஆய்வு மன்றங்களும் நிதியும் இருந்த நாட்டின் நிலை அது. அதன் விளைவாக 1994இல் எசெக்சில் 'குவாலிடேட்டா' என்னும் தனிப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது.

பழைய நேர்காணல்களால் என்ன பயன் என்பதற்கு லூட்டன் நகர ஆய்வு சான்றாகும். ஜான் கோல்ட்தோர்ப், டேவிட் லாக்வுட் முதலியோர் 1960களின் முற்பகுதியில் அந்நகரத் தொழிற்சாலைகளைச் சேர்ந்த 229 உடலுழைப்புத் தொழிலாளரையும் 54 அலுவலகப் பணியாளரையும் நேர்கண்டனர். வசதி பெற்ற தொழிலாளர் நடுத்தர வர்க்கத்தினராக மாறிவிடுகின்றனரா என்பதே அன்றைய வினா. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், மைக் சாவேஜ் அந்நேர்காணல் தாள்களை எசெக்சில் மீண்டும் படித்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நேர்காணல் எடுத்தோர் ஓரங்களில் குறித்து வைத்திருந்த சொற்களைக் கொண்டு, அத்தொழிலாளர் தம்மைச் 'சாதாரண மனிதர்' என்று கருதிய விதத்தை அவர் வேறு கோணத்தில் விளக்கினார். முதலில் ஆய்ந்தோர் வகைப்படுத்தி ஒதுக்கிய சொற்களே பின்வந்தவர்க்கு முதன்மைச் சான்றாயின. அத்தாள்கள் எரிக்கப்பட்டிருந்தால் முதல் விளக்கமே முடிந்த முடிபாக நின்றிருக்கும்.

எதிர்மறைச் சான்றும் ஒன்றுண்டு. சமூக மானிடவியலறிஞர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியின் ராம்புரா என்னும் சிற்றூரில் களப்பணி செய்தார். பதினெட்டு ஆண்டுகளாக ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்தில் இருந்தன. 1970 ஏப்ரல் 24ஆம் நாள் அம்மையத்திற்குத் தீ வைக்கப்பட்டபோது மூன்றும் எரிந்து போயின. நினைவிலிருந்து அவர் எழுதி 1976இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. சீனிவாசுக்கு இருந்த நினைவாற்றல் நம்மனோர்க்கு வாய்க்குமா என்பது ஒருபுறமிருக்க, மூன்று படிகளையும் ஒரே அறையில் வைத்தல் ஒரு படி வைப்பதற்கே சமம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இன்று கணினியிலும் அதனருகே மேசைமேல் கிடக்கும் விரலியிலும் ஆய்வைச் சேமித்துவிட்டு அமைதியுறும் மாணவர்க்கு இதனை எடுத்துரைப்பது நலம்.

ஊர்ப்பெயர் குறித்தும் இவ்விடத்தில் ஒன்று கூறலாம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தம் மாணவரைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்களை ஆய்வு செய்வித்து 1918இல் நூலாக வெளியிட்டார். ஊர்களின் உண்மைப் பெயர்கள் அந்நூலில் இருந்தமையால் 1936–37இலும் அதன் பின்னரும் ஆய்வாளர் அவ்வூர்களுக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. இருவேல்பட்டு என்னும் ஊர் 2008இலும் ஆராயப்பட்டது. இதற்கு மாறாக, ரவீந்திர கே. ஜெயின் 1962–63இல் மலாயாவின் தோட்டமொன்றில் களப்பணியாற்றி 1970இல் வெளியிட்ட நூலில் அத்தோட்டம் 'பால் மெலாயு' என்னும் புனைபெயரால் சுட்டப்படுகிறது. தோட்ட நிருவாகத்துக்கு அஞ்சி வாழ்ந்த தொழிலாளரைக் காக்கும் நோக்கில் அது முறையே. ஆயினும் நூலை மட்டும் கையில் கொண்டு மற்றொருவர் அங்கே திரும்பிச் செல்ல இயலாது. வெளியீட்டில் புனைபெயரும், பூட்டிய காப்பகத்தில் உண்மைப் பெயர்ப் பட்டியலும் என்னும் ஏற்பாடு இவ்விரு தேவைகளையும் நிறைவுசெய்யும்.

ஒப்புதலும் அடையாள மறைப்பும்

நம் மாணவர் பயன்படுத்தும் ஒப்புதல் படிவங்களில் 'ஆய்வு முடிந்ததும் இத்தரவுகள் அழிக்கப்படும்' என்னும் வாக்கியம் அடிக்கடி காணப்படுகிறது. தகவலாளிக்கு நம்பிக்கையூட்டும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதே அது. ஆனால் அவ்வாக்கியம் எழுதப்பட்ட நாளிலேயே அத்தரவுகளின் ஆயுள் முடிந்துவிடுகிறது. பின்னாளில் எத்தனை சிறந்த காப்பகம் அமைந்தாலும் கொடுத்த வாக்கை மீற முடியாது. 'பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டுப் பிற ஆய்வாளர் பயன்பாட்டுக்காகப் பாதுகாக்கப்படலாம்' என்று கேட்டுப் பார்த்தால், தகவலாளிகள் பெரும்பாலும் இசைகின்றனர் என்பதே நம் அனுபவம். முதியோர் சிலர், தம் பெயரோடேயே வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் உண்டு.

மறுபுறம், காக்க முடியாத வாக்கைக் கொடுப்பதும் தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி சார்பில் 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழுவினர் பலர் நேர்காணப்பட்டனர். தாம் உயிரோடிருக்கும்வரை ஒலிப்பதிவுகள் வெளியிடப்படமாட்டா என்னும் நம்பிக்கையில் அவர்கள் பேசினர். 2011இல் பிரிட்டிஷ் காவல் துறையின் வேண்டுகோளின்பேரில் அமெரிக்க நீதிமன்ற ஆணைகள் பிறந்தன. நெடிய வழக்குக்குப் பின் பதிவுகளுள் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. ஆய்வாளர் அளிக்கும் வாக்கு சட்டத்தின் எல்லையைக் கடந்து நிற்காது. இதனைத் தகவலாளியிடம் முன்கூட்டியே கூறுவதே நேர்மையாகும்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிகப் பரிவர்த்தனைகளையே முதன்மையாகக் கருதுவது. ஆய்வுக்குச் சில விலக்குகளும் அதில் உள்ளன. சட்டம் விலக்கினாலும் நெறி விலக்காது என்பதற்கு மேல் இங்குக் கூற வேண்டியதில்லை.

அடையாளத்தை மறைப்பது பெயரை நீக்குவதோடு முடிவதன்று. தோட்டப்புற நேர்காணலில் இது குறிப்பாக உணரத்தக்கது. ஒரு சிறு தோட்டத்தில் பெரிய கிராணி ஒருவரே. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரே. கோவில் தலைவரும் ஒருவரே. பெயரை நீக்கிவிட்டு 'பெரிய கிராணி' என்றும் மாவட்டத்தின் பெயரையும் ஆண்டையும் விட்டுவைத்தால் அப்பகுதியில் வளர்ந்த எவரும் ஆளை அடையாளம் கண்டுவிடுவர். அதே வேளையில் பதவியையும் இடத்தையும் ஆண்டையும் முற்றாக நீக்கினால் நேர்காணல் பொருளற்றுப் போகும். எதனை நீக்கலாம், எதனைப் பொதுமைப்படுத்தலாம், எதனை விட்டுவைத்து அணுக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவெடுப்பதற்கு அச்சமூகத்தை அறிந்தவரே வேண்டும். பிரிட்டனின் காப்பகம் தரவுகளை எவரும் பெறத்தக்கவை, உறுதிமொழி அளித்துப் பெறத்தக்கவை, கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் மட்டும் காணத்தக்கவை எனப் படிநிலைப்படுத்துகிறது. நமக்கும் அம்முறை பொருந்தும்.

எழுத்துப்படியும் எழுத்துருவும்

தமிழ்த் தரவுகளுக்கே உரிய இடர்ப்பாடுகள் இரண்டு. முதலாவது எழுத்துப்படி எடுப்போரின் செம்மைப்படுத்தும் ஆர்வம். 'விடிகாலையில பெரட்டுக்குப் போகணும்' என்று ஒரு மூதாட்டி கூறுவதை, 'அதிகாலையில் வருகைப் பதிவுக்குச் செல்ல வேண்டும்' என்று மாணவர் எழுதி வைக்கிறார். தமிழாசிரியராகப் பயிற்சி பெற்றவர் இதனைச் செய்வதில் வியப்பில்லை. பேச்சைத் திருத்துவதே அவர் தொழில். ஆனால் 'பெரட்டு' என்னும் சொல்லோடு விடியற்காலை இருளில் வரிசையில் நின்ற ஒரு வாழ்க்கைமுறையும் நீக்கப்படுகிறது. லயம், தண்டல், ஆயாக்கொட்டகை, கித்தா முதலிய சொற்களைப் பேசியவாறே எழுதி, பொருளைத் தனிப் பட்டியலில் தருவதே முறையாகும். மொழியியலார்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் அப்பட்டியலே பிற்காலத்தில் பெருந்துணையாகும்.

இரண்டாவது எழுத்துரு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் நம்மவர் முரசு அஞ்சல் முதலிய செயலிகளையும், ஒன்றோடொன்று பொருந்தாத பல எழுத்துருக்களையும் பயன்படுத்தினர். 1999இல் தமிழ்நாட்டு அரசு குறியாக்கத் தரங்களை அறிவித்த பின்னரும் பல முறைகள் வழக்கில் இருந்தன. அக்காலத்து நெகிழ்வட்டுக் கோப்பு ஒன்றை இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றப் பெரும்பாலும் வழியுண்டு. ஆனால் அதனை எவரும் குறித்து வைப்பதில்லை. நெகிழ்வட்டின் மேல் எழுத்துருப் பெயரை எழுதியிருந்த ஒரே ஓர் ஆய்வாளரை நாம் அறிவோம். அவருடைய கோப்புகள் அனைத்தையும் ஒரு பிற்பகலில் மாற்ற முடிந்தது.

பயிற்சி எவ்வாறு அமையலாம்?

நம் ஆய்வுநெறிப் பாடத்திட்டம் வினாநிரல் தயாரிப்பதைக் கற்பிக்கிறது. பிறர் திரட்டிய தரவைப் படிப்பதைக் கற்பிப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாணவரும் புதிய வினாநிரலோடு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குச் செல்கின்றனர். தலைமையாசிரியர்கள் சலிப்படைந்திருக்கின்றனர் என்பதை இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் நம்மினும் நன்கறிவர். ஏறத்தாழ ஒரே வினாக்களை ஐந்து ஆண்டுகளாக ஐந்து மாணவர் கேட்டும், அவற்றை ஒப்பிட்டு ஐந்தாண்டு மாற்றத்தைக் கூற எவராலும் இயலவில்லை.

வகுப்பில் சில பருவங்களாக நாம் கையாளும் முறை எளியது. மாணவருள் பாதிப்பேர் களத்துக்குச் செல்வர். மறுபாதியினர் முந்தைய ஆண்டு மாணவர் விட்டுச் சென்ற கோப்பைப் பகுப்பாய்வு செய்வர். முதல் வாரத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும். 'பிள்ளைகளின் எண்ணிக்கை' என்னும் நிரலில் 9 என்னும் எண் பல இடங்களில் வருகிறது. ஒன்பது பிள்ளைகளா, விடை இல்லை என்பதற்கான குறியீடா? எழுதியவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அதனை எண்ணாகவே கொண்டு கணக்கிட்ட மாணவி ஒருவர், நகர்ப்புற இந்தியர் குடும்பத்தின் சராசரிப் பிள்ளைகள் ஐந்துக்கு மேல் என்று எழுதினார். குறியீட்டு விளக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு அதன் பின் விரிவுரை தேவைப்படவில்லை. களத்துக்குச் சென்ற பாதியினர் அவ்வாண்டு ஒப்படைத்த கோப்புகளில் விளக்கத்தாள் தவறாமல் இருந்தது. அடுத்த ஆண்டு தம் கோப்பைப் படிக்கப்போகும் தம்பி தங்கையரின் முகங்களை அவர்கள் கண்டிருந்தனர்.

அனைத்துலக அளவில் தரவு விவரங்களை எழுதுவதற்கு டி.டி.ஐ. என்னும் தரமுறை உள்ளது. 1995இல் தொடங்கிய முயற்சியின் பயனாக 2000ஆம் ஆண்டு அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. முதுநிலை ஆய்வாளர் அதனைப் பயில வேண்டும். இளங்கலையில், யார், எப்போது, எங்கே, எவ்வாறு தெரிவுசெய்து, எம்மொழியில் கேட்டார், குறியீடுகள் யாவை என்று தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தாலே போதும்.

ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுப்பும் மறுப்பு, 'என் உழைப்பைப் பிறர் அள்ளிச் செல்வர்' என்பதாகும். இதனைப் புறந்தள்ள இயலாது. தோட்டந்தோட்டமாக நடந்து திரட்டியவர்க்குத் தம் நூலை எழுதி முடிக்கும் உரிமை உண்டு. அதற்காகவே காப்பகங்கள் காலத்தடை விதிக்க இடமளிக்கின்றன. 2009இல் டேட்டாசைட் நிறுவப்பெற்ற பின், நூலைப் போலவே தரவுத் தொகுப்புக்கும் நிலையான எண் பெற்று மேற்கோள் காட்டும் வழக்கம் வளர்ந்துள்ளது. ஆனால் பதவி உயர்வுக் குழுக்கள் தரவு வைப்பீட்டை வெளியீடாகக் கருதும்வரை இம்மறுப்பு நீங்காது. அக்குழுக்களில் அமர்ந்திருப்போருள் நம்மவரும் உளர்.

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பிரிவு நேர்காணல்களை ஒழுங்காகப் பட்டியலிட்டு வழங்கி வருகிறது. அவற்றுள் தமிழில் அமைந்தனவும் உள்ளன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017 முதல் தன் ஆய்வாளர்க்குரிய தரவுக் களஞ்சியத்தை நடத்துகிறது. இவற்றைப் பார்த்துப் பழகுவதற்கு நம் மாணவர்க்கு நிதியேதும் தேவையில்லை.

துறைகளின் அலமாரிகளில் எஞ்சியுள்ள ஒலிநாடாக்களைப் பொறுத்தவரையில், மின்னுருவாக்கத்தை விடப் பட்டியலிடுதலே முதற்பணி. ஒரு மணி நேர நாடாவை மின்னுருவாக்க ஒரு மணி நேரமும், எழுத்துப்படி எடுக்க ஐந்தாறு மணி நேரமும் செல்லும். பட்டியலிட ஐந்து நிமிடம் போதும். பேசியவர், இடம், ஆண்டு, எடுத்தவர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, எடுத்தவர் ஓய்வு பெற்றிருந்தாலும் அவரை அழைத்துவந்து, நாடாக்களின் மேலுள்ள மங்கிய எழுத்துகளைப் படிக்கச் செய்தல் வேண்டும். ஆண்டு வரிசையில் மின்னுருவாக்கத் தொடங்குவதும் சரியன்று. எந்தத் தோட்டம் இப்போது இல்லையோ, அத்தோட்டத்து நாடாக்களை முதலில் எடுக்க வேண்டும்.